சென்னை மாநகராட்சி வார்டுகளும் தேர்தல்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் குடியிருக்கிற பலருக்கு எம்.எல்.ஏ. யார் என்று தெரியும், எம்.பி. யார் என்றும் ஓரளவு தெரியும், தெருவிளக்கு எரியாவிட்டால் போய்க் கேட்க வேண்டிய கவுன்சிலர் யார் என்பது மட்டும் தெரியாது. இதற்காக மக்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 1973 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை கணக்குப் போட்டால் 48 வருடங்கள், அதில் சுமார் 28 வருடம் இந்த நகரத்துக்குக் கவுன்சிலர்களே கிடையாது. இல்லாத ஒருவரை எப்படித் தெரிந்து வைத்துக்கொள்வது? அதனால் கீழே நடந்த தேர்தல்களைப் பற்றிச் சொல்லும்போது நடக்காமல் போன தேர்தல்களைப் பற்றியும் நிறையவே சொல்லியிருக்கிறேன்.

வார்டு என்பதும் சட்டமன்றத் தொகுதி என்பதும் ஒன்றா?

இல்லை. சட்டமன்றத் தொகுதியின் எல்லையை வகுப்பது ஒரு அமைப்பு, வார்டு எல்லையை வகுப்பது இன்னொரு அமைப்பு. சென்னை மாவட்டத்தில் சட்டமன்றத் தொகுதிகள் 16, மாநகராட்சியில் வார்டுகள் 200. சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலை இந்தியத் தேர்தல் ஆணையம் நடத்துகிறது. உள்ளாட்சித் தேர்தலைத் தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம் நடத்துகிறது, அது தனி. ஆனால் வாக்காளர் பட்டியல் மட்டும் பொது. சட்டமன்றப் பட்டியலை எடுத்துத்தான் வார்டு வாரியாகப் பிரித்துக்கொள்கிறார்கள், எனவே சட்டமன்றப் பட்டியலில் உங்கள் பெயர் இல்லையென்றால் கவுன்சிலர் தேர்தலிலும் ஓட்டு கிடையாது. வீடு மாறி வந்தவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான், பழைய முகவரியிலேயே பெயரை விட்டுவைத்திருப்பார்கள், ஓட்டுப் போடுகிற அன்றைக்குப் புது வீட்டுப் பக்கத்துப் பூத்தில் போய் நின்று தேடுவார்கள்.

என் வார்டு எண் என்ன என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வாக்காளர் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பயனில்லை, அதில் வார்டு எண் இருக்காது. சொத்துவரி ரசீது இருந்தால் எடுத்துப் பாருங்கள், மண்டலம், வார்டு, பில் எண் என்ற வரிசையில் இருக்கும். வாடகை வீடு என்றால் வீட்டு உரிமையாளரிடம் கேட்கலாம், மாநகராட்சி இணையதளத்தில் தெருப் பெயரை வைத்தும் தேடலாம். இன்னும் சுலபமான வழி ஒன்று இருக்கிறது: உங்கள் தெருமுனையில் ஒட்டியிருக்கிற கட்சி போஸ்டரில் "வது வட்டம்" என்று ஒரு எண் போட்டிருப்பார்களே, அந்த எண் பெரும்பாலும் உங்கள் வார்டு எண்தான்.

ஒரு எச்சரிக்கை, பெரிய தெருக்கள் சில இடங்களில் இரண்டு வார்டுகளுக்கு எல்லையாக ஓடுகின்றன, தெருவின் இந்தப் பக்கம் ஒரு கவுன்சிலர், எதிர்ப் பக்கம் வேறு கவுன்சிலர். எதிர்வீட்டுக்காரர் சொன்னார் என்று நம்பிப் போனால் தவறான அலுவலகத்தில் நிற்க வேண்டியதாகிவிடும்.

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வேறு ஏதோ வார்டு எண் சொல்கிறார்களே?

அவர்கள் சொல்வதும் சரி, நீங்கள் சொல்வதும் சரி. 2011 வரை சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டர், வார்டுகள் 155. அந்த வருடம் சுற்றியிருந்த 42 உள்ளாட்சிகளை, அதாவது 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 ஊராட்சிகளைச் சேர்த்து நகரத்தை 426 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். வார்டுகள் 200 ஆயின. கேட்க 45 வார்டு கூடியது போலத்தான் தெரியும், உண்மையில் நடந்தது வேறு: பழைய நகரத்தின் 155 வார்டுகளை 107 ஆகச் சுருக்கி, புதிதாகச் சேர்ந்த பகுதிகளுக்கு 93 கொடுத்தார்கள். எண்களும் வடக்கே எண்ணூர்ப் பக்கம் 1 என்று ஆரம்பித்துத் தெற்கே செம்மஞ்சேரியில் 200 என்று முடிகிற மாதிரி புதிதாகப் போடப்பட்டன.

இதனால் என்ன ஆகிறது என்றால், மயிலாப்பூரிலோ புரசைவாக்கத்திலோ இருப்பவர் "எங்கள் வார்டில் 1996லிருந்து யார் யார் ஜெயித்தார்கள்" என்று தேடினால் நேர்கோடாகப் பட்டியல் வராது. 2006ல் 100வது வார்டு என்று இருந்த இடமும் 2011ல் 100வது வார்டு என்று இருந்த இடமும் ஒன்றல்ல. எண்ணை மட்டும் வைத்து "இது எங்க கட்சி கோட்டை" என்று பேசுகிறவர்களை நம்பாதீர்கள், தெருக்களின் பட்டியலை வைத்து ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். ஆலந்தூர், அம்பத்தூர், திருவொற்றியூர்க்காரர்களுக்கு இது இன்னும் சிக்கல், ஏனென்றால் 2011க்கு முந்தைய அவர்களது வரலாறு சென்னை மாநகராட்சியின் கணக்கிலேயே வராது, தனித்தனி நகராட்சிகளாக இருந்த காலத்துப் பதிவுகளில் போய்த் தேட வேண்டும்.

எல்லா வார்டிலும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில்தானே வாக்காளர்கள் இருப்பார்கள்?

அப்படித்தான் இருக்க வேண்டும். 2022 தேர்தலில் சென்னையின் மொத்த வாக்காளர்கள் 61 லட்சத்துக்கு மேல், 200 ஆல் வகுத்தால் வார்டுக்குச் சராசரியாக 31,000 பேர் வருகிறார்கள். ஆனால் ஆலந்தூர் மண்டலத்தின் 159வது வார்டில் 3,000 பேரைக் கொஞ்சம்தான் தாண்டியது. கோடம்பாக்கம் மண்டலத்தின் 137வது வார்டில் 58,000க்கும் மேல். இரண்டு வார்டுக்கும் தலா ஒரு கவுன்சிலர், கவுன்சிலர்கள் கூடி முடிவெடுக்கிற மாமன்றத்தில் இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு. அதாவது 159ல் இருப்பவரின் ஓட்டு, 137ல் இருப்பவரின் ஓட்டைப் போலப் பதினெட்டு மடங்கு கனம். மேயரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கிற முறையில் இது சின்ன விஷயமே இல்லை. எல்லை மறுவரையறை, அதாவது வார்டு எல்லைகளைத் திருத்தி வகுப்பது, என்று பேப்பரில் வந்தால் பலர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள், நான் அதைத்தான் முதலில் படிக்கச் சொல்வேன், வரைவு வெளியிட்டு ஆட்சேபணை கேட்கும்போது எழுதிக் கொடுக்கலாம், யாரும் எழுதுவதில்லை.

சென்னையில் எப்போதிலிருந்து தேர்தல் நடக்கிறது?

மாநகராட்சி மிகப் பழையது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில், 1688 செப்டம்பர் 29ல் ஆரம்பித்தது. ஆனால் அப்போது இருந்ததெல்லாம் நியமனம்தான். மக்கள் பிரதிநிதிகள் என்று ஓரளவாவது சொல்லும்படியான காலம் 1919ஆம் வருடத்துச் சட்டத்துக்குப் பிறகு வருகிறது, மாநகராட்சியின் முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவராக நீதிக் கட்சியின் பிட்டி தியாகராயர் வந்தார். அப்போதும் எல்லோருக்கும் ஓட்டு கிடையாது, சொத்தும் வரியும்தான் தகுதி. தலைவர் பதவி 1933ல் மேயர் பதவியாக மாறியது, முதல் மேயர் ராஜா சர் முத்தையா செட்டியார்.

அந்தக் காலத்து மேயருக்கு ஒரு வருடம்தான் பதவி, கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். ஒரு வருடத்தில் என்ன செய்துவிட முடியும் என்று தோன்றும். 1939-40ல் மேயராக இருந்த சத்தியமூர்த்தி தண்ணீர்ப் பஞ்சத்துக்காகப் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அடிக்கல் போட வைத்தார், 1944ல் அது முடிந்தது. இன்றைக்கும் சென்னை குடிக்கிற தண்ணீரில் அதற்குப் பங்கு உண்டு. 1956-57ல் தாரா செரியன் முதல் பெண் மேயர். 1959 தேர்தலில் 100 இடங்களில் 45ஐ தி.மு.க. பிடித்து, அ.பொ. அரசு மேயரானார். 1967ல் கோட்டையை, அதாவது மாநில ஆட்சியைப் பிடிப்பதற்கு எட்டு வருடம் முன்னாலேயே அந்தக் கட்சிக்கு மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை கிடைத்துவிட்டது. தமிழ்நாட்டு அரசியல் வரலாற்றில் ஒரு கவுன்சிலர் தேர்தல் இந்த அளவுக்கு முக்கியமானது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

1973ல் என்ன நடந்தது?

மஸ்டர் ரோல் ஊழல். வேலைக்கே வராத ஆட்களின் பெயரில் கூலி எடுத்த விவகாரம். அது பெரிதாக வெடித்து, 1973 கடைசியில் மாமன்றத்தையே கலைத்துவிட்டார்கள். தவறு செய்தவர்களைத் தண்டித்துவிட்டுச் சில மாதத்தில் தேர்தல் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அடுத்த மாமன்றம் வந்தது 1996 அக்டோபரில்.

இந்த இடைவெளியை யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் ஓட்டுப் போடும் வயது 21. 1974 தொடக்கத்தில் 21 வயதான ஒருவர், தன் வாழ்நாளில் முதன்முதலாகக் கவுன்சிலருக்கு ஓட்டுப் போட்டபோது 43 வயதைத் தாண்டியிருப்பார். கருணாநிதி, எம்.ஜி.ஆர்., ஜானகி, ஜெயலலிதா என்று எல்லோரும் முதல்வராக இருந்த காலம் இது, நடுவில் குடியரசுத் தலைவர் ஆட்சியும் வந்து போனது. ஆகவே பழியை ஒரு கட்சித் தலையில் மட்டும் வைக்க முடியாது. 1986ல் தமிழ்நாட்டின் நகராட்சிகளுக்குத் தேர்தல் நடந்தது, அப்போதும் சென்னைக்கு இல்லை. 23 வருடம் தலைநகரத்தை அதிகாரிகளே நிர்வாகம் செய்தார்கள்.

அப்புறம் 1996ல் எப்படித் திரும்பி வந்தது?

அரசியல் சட்டத்தின் 73வது, 74வது திருத்தங்களால். இவை 1993ல் அமலுக்கு வந்தன, 74வது நகரங்களுக்கானது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேர்தல், தனி மாநிலத் தேர்தல் ஆணையம், பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இட ஒதுக்கீடு, எல்லாம் அரசியல் சட்டத்திலேயே ஏறின. அந்தத் தேர்தலில் மு.க. ஸ்டாலின் மேயரானார், சென்னையில் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த முதல் மேயர் அவர்தான்.

மேயரை நாம் தேர்ந்தெடுக்கிறோமா, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கிறார்களா?

அந்தந்தச் சமயத்தில் ஆட்சியில் இருப்பவர்களின் முடிவைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கிறது. 1996, 2001, 2011 மூன்று முறையும் நேரடித் தேர்தல், ஆளுக்கு இரண்டு ஓட்டு, ஒன்று கவுன்சிலருக்கு, ஒன்று மேயருக்கு. 2006லும் 2022லும் மறைமுகத் தேர்தல், நாம் கவுன்சிலருக்கு மட்டும் போட்டோம். நடுவில் நடக்காத தேர்தலுக்காகவும் சட்டம் மாறியது: 2016ல் மறைமுகம் என்று மாற்றினார்கள், 2018ல் நேரடி என்றார்கள், 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு மறுபடி மறைமுகம்.

நேரடித் தேர்தலில் ஒரு சங்கடம் உண்டு, மேயர் ஒரு கட்சி, கவுன்சிலர்களில் பெரும்பான்மை இன்னொரு கட்சி என்று ஆகலாம். மறைமுகத் தேர்தலில் வேறு சங்கடம், ஊரே பார்க்காத ஒருவர் கட்சித் தலைமை கைகாட்டியதால் மேயராகலாம். எனக்கு நேரடித் தேர்தல்தான் பிடிக்கும், மேயரிடம் "நான் ஓட்டுப் போட்டேன், பதில் சொல்லுங்கள்" என்று கேட்க முடியும். ஆனால் எந்த முறையானாலும் சரி, ஒரு முறையை வைத்துக்கொண்டு இருபது வருடம் விடுங்கள் என்பதுதான் என் முதல் கோரிக்கை.

2001ல் ஸ்டாலின் மறுபடி ஜெயித்தாரே, ஏன் ஐந்து வருடம் இருக்கவில்லை?

அவர் அப்போது சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார். ஒரே நபர் இரண்டு மக்கள் பிரதிநிதிப் பதவிகளில் இருக்கக் கூடாது என்று 2002ல் அன்றைய அ.தி.மு.க. அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது, மேயர் பதவி போயிற்று. மீதிக் காலத்துக்குத் துணை மேயர் கராத்தே தியாகராஜன் பொறுப்பில் இருந்தார். இரட்டைப் பதவி கூடாது என்கிற கொள்கை நியாயமானதுதான், ஆனால் தேர்தல் முடிந்தபின் கொண்டுவந்ததால் அது யாரைக் குறிவைத்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

2006 தேர்தலைப் பற்றி ஏன் இன்னும் பேசுகிறார்கள்?

வன்முறைக்காகவும் கள்ள ஓட்டுக்காகவும். வாக்குச்சாவடிகளைக் கைப்பற்றினார்கள் என்ற புகார்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போயின, கடைசியில் 2007 தொடக்கத்தில் பல வார்டுகளில் மறுபடி ஓட்டுப் பதிவு நடத்த வேண்டியதாயிற்று. அந்த மாமன்றத்தில் மேயராக இருந்தவர் மா. சுப்பிரமணியன். 2011ல் அவரை நேரடித் தேர்தலில் தோற்கடித்து அ.தி.மு.க.வின் சைதை துரைசாமி வந்தார், அந்தக் கட்சிக்குச் சென்னை மேயர் பதவி கிடைத்தது அதுதான் முதல் தடவை.

2016ல் வேட்புமனு எல்லாம் வாங்கினார்களே, ஏன் தேர்தல் நின்றது?

அக்டோபர் 17, 19 தேதிகளில் ஓட்டுப் பதிவு என்று அறிவித்திருந்தார்கள். பழங்குடியினருக்கான இட ஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்று தி.மு.க. தரப்பில் வழக்குப் போட்டார்கள், அறிவிப்பு வெளியிட்ட மறுநாளே மனுத்தாக்கல் என்று அவசரம் காட்டியதும் கேள்விக்கு வந்தது. அக்டோபர் 4ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்து, டிசம்பருக்குள் புதிதாக நடத்தச் சொன்னது. அதே மாதம் 24ஆம் தேதியோடு பழைய மாமன்றத்தின் காலமும் முடிந்தது, மாமன்றத்துக்குப் பதிலாக நிர்வாகம் செய்யத் தனி அலுவலர் வந்தார்.

டிசம்பருக்குள் என்றது 2022 பிப்ரவரி வரை இழுத்தது. வார்டு மறுவரையறை முடியவில்லை, புதிய மாவட்டங்கள் பிரித்திருக்கிறோம், கொரோனா என்று காரணங்கள் வந்துகொண்டே இருந்தன. கிராமப் பகுதிகளுக்கு 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் 27 மாவட்டங்களிலும், மீதி 9 மாவட்டங்களில் 2021 அக்டோபரிலும் தேர்தல் நடத்தினார்கள். நகரங்கள்தான் கடைசி.

கவுன்சிலர் இல்லாவிட்டால் என்ன குறைந்துபோய்விடுகிறது? அதிகாரிகள்தான் இருக்கிறார்களே?

இந்தக் கேள்வியை அதிகம் கேட்பது நன்றாகப் படித்த ஆட்கள்தான். கமிஷனர் நல்லவராக இருந்தால் போதும், கவுன்சிலர் எதற்கு, கமிஷன் வாங்கத்தானே என்பார்கள். கமிஷன் வாங்கும் கவுன்சிலர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் கொரோனா காலத்தை நினைத்துப் பாருங்கள். 2020ல் தெருத்தெருவாகத் தகரம் அடித்து அடைத்தபோது, உள்ளே இருந்த வயதானவருக்கு மாத்திரை வாங்க வேண்டும் என்றால் யாரிடம் பேசுவது? மாநகராட்சியின் புகார் எண் 1913க்கு போன் போட வேண்டும், இல்லையென்றால் வார்டு ஆபீஸில் உதவிப் பொறியாளரைத் தேட வேண்டும். அந்தப் பொறியாளர் பாவம், அவருக்கு அந்தத் தெரு பழக்கமில்லை, மூன்று மாதத்தில் மாற்றலாகிப் போய்விடலாம். 2021 நவம்பர் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் நின்றபோதும் இதே நிலைமைதான், மாமன்றம் இல்லை. அதிகாரி நல்லவரா கெட்டவரா என்பதைப் பற்றி நான் பேசவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு வீட்டுக் கதவைத் தட்டி "ஓட்டுக் கேட்டு வந்தீங்களே" என்று உரிமையோடு கேட்க ஒரு ஆள் இருந்தாரா என்பதுதான் விஷயம். இல்லை.

அதோடு, மாமன்றம் இல்லாத காலத்தில் வரவுசெலவுத் திட்டம், டெண்டர், வரி உயர்வு எதையும் வெளிப்படையாக எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. மாமன்றத்தில் எதிர்க்கட்சிக்குப் பதினைந்து பேர்தான் இருந்தாலும், அவர்கள் கேட்கிற கேள்வி மறுநாள் பேப்பரில் வரும். தனி அலுவலர் போடும் கையெழுத்து வருவதில்லை.

2022 தேர்தல் முடிவு என்ன?

தமிழ்நாடு முழுக்க பிப்ரவரி 19ல் ஓட்டுப் பதிவு, 22ல் எண்ணிக்கை. 21 மாநகராட்சிகள் உட்பட நகர்ப்புற உள்ளாட்சிகளில் மொத்தம் 12,838 வார்டுகள். சென்னையின் 200 வார்டுகளில் தி.மு.க. 153, அ.தி.மு.க. 15, காங்கிரஸ் 13, மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் 4, விடுதலைச் சிறுத்தைகள் 4, ம.தி.மு.க. 2, இந்தியக் கம்யூனிஸ்ட், முஸ்லிம் லீக், பா.ஜ.க., அ.ம.மு.க. தலா 1, சுயேச்சைகள் 5. மார்ச் 4ல் மேயராகத் தேர்வான ஆர். பிரியா 74வது வார்டு, திரு.வி.க. நகர்ப் பகுதி, சென்னையின் முதல் தலித் பெண் மேயர். தாரா செரியன், 1971-72ல் இருந்த காமாட்சி ஜெயராமன் ஆகியோருக்குப் பிறகு மூன்றாவது பெண் மேயர்.

153 என்றால் மக்கள் எல்லோரும் ஒரே பக்கம் என்று அர்த்தமா?

அவசரப்படாதீர்கள். சென்னையில் ஓட்டுப் பதிவு 43.59 சதவீதம், மாநகராட்சிகளிலேயே கடைசி. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள்: 30,000 வாக்காளர்கள் உள்ள வார்டில் 13,000 பேர் வந்து ஓட்டுப் போடுகிறார்கள், ஐந்தாறு பேர் போட்டியிடுகிறார்கள், 6,000 வாங்கியவர் சௌகரியமாக ஜெயித்துவிடுவார். மொத்த வாக்காளர்களில் அது ஐந்தில் ஒரு பங்குதான். அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயிக்கிற முறையில் இப்படித்தான் வரும், எந்தக் கட்சி ஜெயித்தாலும். அதனால் உங்கள் வார்டின் முடிவைப் பார்க்கும்போது யார் ஜெயித்தார் என்பதோடு நிறுத்தாமல் எத்தனை ஓட்டு வித்தியாசம், எத்தனை பேர் வரவேயில்லை என்றும் பாருங்கள். வராதவர்களின் எண்ணிக்கை பல வார்டுகளில் ஜெயித்தவர் வாங்கிய ஓட்டைவிட அதிகம்.

சென்னைக்காரர்கள் ஏன் ஓட்டுப் போட வருவதில்லை?

சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடுவது சுலபம். அதே 2022ல் பேரூராட்சிகளில் 74.68 சதவீதம், நகராட்சிகளில் 68.22, மாநகராட்சிகளில் 52.22. ஊர் சின்னதாக ஆக ஆக ஓட்டு கூடுகிறது, ஏனென்றால் பேரூராட்சி வார்டில் வேட்பாளரை நமக்குத் தெரியும், பத்துப் பதினைந்து ஓட்டில் முடிவு மாறும் என்பதும் தெரியும். சென்னையில் வாடகை வீட்டுக்காரர்கள் அதிகம், பட்டியலில் பழைய முகவரி, இறந்தவர் பெயர்கள் நிறைய, ஆகவே 43.59 என்பதே கொஞ்சம் குறைத்துக் காட்டுகிற எண்ணாக இருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கவுன்சிலர் இல்லாமலேயே ஒரு தலைமுறை வாழ்ந்து பழகிவிட்டது, தேர்தல் ஒழுங்காக வராத ஊரில் ஓட்டுப் போடும் பழக்கமும் வராது.

பெண்களுக்கு எத்தனை இடம்? கணவர்தான் கவுன்சிலர் வேலை பார்க்கிறார் என்கிறார்களே?

தமிழ்நாட்டில் 2016லிருந்து சட்டப்படி 50 சதவீதம், அதற்கு முன் மூன்றில் ஒரு பங்கு. 2022ல் சென்னையின் 200 வார்டுகளில் பெண்களுக்கு 105, அதில் 16 பட்டியல் சாதிப் பெண்களுக்கு. மேயர் பதவியும் பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கியதுதான்.

கணவர் கூடவே வந்து அவரே பேசுவது, போனை அவரே எடுப்பது, இதெல்லாம் நடக்கிறது. இதைக் காட்டி ஒதுக்கீடே வீண் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. கணவர் எடுத்தால் "மேடத்திடம் பேச வேண்டும்" என்று சொல்லுங்கள், மனுவை அவர் கையிலேயே கொடுங்கள், வார்டுக்காரர்கள் பத்துப் பேர் இதில் பிடிவாதமாக இருந்தாலே நிலைமை மாறும். நாம் கணவரிடமே எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு அப்புறம் புலம்புவது நியாயமில்லை.

கவுன்சிலருக்கு என்ன அதிகாரம், எவ்வளவு சம்பளம்?

தெருவிளக்கு, குப்பை, உட்புறச் சாலைகள், மழைநீர் வடிகால், பூங்கா, மாநகராட்சிப் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், இவையெல்லாம் மாநகராட்சி. குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு, மாநகராட்சிக்கு நேரடியாகச் சம்பந்தமில்லை, ஆனாலும் அடைப்பு என்றால் எல்லோரும் கவுன்சிலரிடம்தான் போவார்கள், அவரும் வாரியத்துக்குப் போன் போடுவார். ரொம்ப நாள் சம்பளம் என்று எதுவும் இருக்கவில்லை, கூட்டப் படி மட்டும்தான். 2023 ஜூலை முதல் மாநகராட்சிக் கவுன்சிலருக்கு மாதம் 10,000 ரூபாய், துணை மேயருக்கு 15,000, மேயருக்கு 30,000 மதிப்பூதியம். வார்டு மேம்பாட்டு நிதி தனி, 2022-23 பட்ஜெட்டில் அதை 30 லட்சத்திலிருந்து 35 லட்சமாக உயர்த்தினார்கள், அதற்குப் பிறகும் கூட்டியிருக்கிறார்கள். அந்தப் பணத்தில் உங்கள் வார்டில் எந்தெந்த வேலை நடந்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் யாரும் கேட்கலாம்.

ஜெயித்தபின் கட்சி மாறினால் பதவி போகுமா?

போகாது. கட்சித் தாவல் தடையைச் சொல்லும் பத்தாவது அட்டவணை எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்குத்தான், கவுன்சிலர்களுக்குப் பொருந்தாது. சுயேச்சையாக ஜெயித்தவர்கள் சில நாளிலேயே ஆளுங்கட்சியில் சேருவது இதனால்தான்.

நானும் நிற்கலாமா?

21 வயது முடிந்து, மாநகராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நிற்கலாம். ஒதுக்கீட்டு வார்டு என்றால் அதற்கான தகுதி வேண்டும். 2022ல் மாநகராட்சி வார்டுக்கு டெபாசிட் 4,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 2,000. பதிவான ஓட்டில் ஆறில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் டெபாசிட் திரும்பி வராது. கிராம ஊராட்சியில் கட்சி சின்னம் கிடையாது, இங்கே உண்டு, அதனால் சுயேச்சைக்குச் சிரமம் அதிகம். ஆனால் 2022ல் சென்னையில் 5 பேர் சுயேச்சையாக ஜெயித்திருக்கிறார்கள், முடியாத காரியம் இல்லை.

ஏரியா சபை என்று ஒன்று இருக்கிறதாமே?

இருக்கிறது. கிராமத்துக்கு கிராம சபை மாதிரி நகரத்துக்கு. 2022ல் விதிகள் வந்தன, வார்டைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து, அந்தப் பகுதி வாக்காளர்கள் எல்லோரும் கூடிப் பேசலாம், மேலே கவுன்சிலர் தலைமையில் வார்டு கமிட்டி. அந்த வருடம் நவம்பர் 1, உள்ளாட்சி நாளில் முதல் கூட்டங்கள் நடந்தன, அன்றைய முதல்வர் ஸ்டாலின் தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் ஒன்றில் கலந்துகொண்டார். அதற்குப் பிறகு பல இடங்களில் கூட்டம் நடந்ததே மக்களுக்குத் தெரிவதில்லை. கவுன்சிலர் அலுவலகத்தில் போய் "எங்கள் ஏரியா சபை அடுத்து எப்போது, எங்கே" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இந்த மாமன்றத்தின் காலம் எப்போது முடிகிறது?

முதல் கூட்டத்திலிருந்து ஐந்து வருடம். கவுன்சிலர்கள் பதவியேற்றது 2022 மார்ச் 2, ஆகவே 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடித்துவிட வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243யு பிரிவு சொல்கிறது. அகமதாபாத் மாநகராட்சி சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சட்டத்தில் இவ்வளவு தெளிவாக இருந்தும் 27 மாவட்டங்களின் ஊராட்சிகளுக்கு 2025 ஜனவரி 5ல் காலம் முடிந்தபோது தேர்தல் வரவில்லை, தனி அலுவலர்கள்தான் வந்தார்கள். சென்னைக்கும் அப்படி ஆகக் கூடாது என்றால் கடைசி மாதத்தில் கத்திப் பயனில்லை, வார்டு எல்லை, ஒதுக்கீடு, வாக்காளர் பட்டியல் மூன்றும் எந்த நிலையில் இருக்கின்றன என்று மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு இப்போதே மனுப் போட்டுக் கேட்க வேண்டும், ஏனென்றால் கடந்த முறை தேர்தல் தள்ளிப்போனதற்குச் சொன்ன காரணங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றுக்குள்தான் இருந்தன.